மேலக்காவின் கத்திக் கிளிப்

அவளுடைய சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அந்த அரங்கத்தில் பாதிப் பேர் திருதிருவென முழிப்பார்கள். மேலக்கா எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வாசல்காரர் முதல் நாற்காலி துடைக்கிறவர் வரை எல்லாரும் அண்ணாந்து பார்த்து விரலை உயர்த்துவார்கள். மேடைக்கு மேலே மூன்று மாடி உயரத்தில் இரும்பு வலை பாவிய ஒரு நடைபாதை இருக்கிறது. ஒரு ஆள் போகலாம். எதிரே இன்னொருவர் வந்தால் இரண்டு பேரும் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். காடு, கடல், அரண்மனை என்று வரைந்த படுதாக்களும் திரைகளும் விளக்குகளும் அங்கிருந்துதான் தொங்குகின்றன. அவற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் இருபத்திரண்டு வருஷமாக மேலக்காவின் வேலை.

மேலேயே இருக்கிறவளுக்கு மனிதர்கள் எல்லாரும் உச்சந்தலைகள்தான். முகத்தைப் பார்த்து ஆளை மறந்தாலும் மறப்பாள், உச்சந்தலையை மறக்க மாட்டாள். மேலாளருக்கு இரட்டைச் சுழி. நடன ஆசிரியையின் கொண்டையில் எப்போதும் ஏழு ஊசி. விளக்கு பார்க்கிற லைட்டு அண்ணன் தலைக்குச் சாயம் பூசி எத்தனை நாளாயிற்று என்பது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று கேட்கிற தைரியம் இதுவரை யாருக்கும் வரவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்தது கீழே, தையல் அறையில். திரைகளுக்கு மடிப்பு வைத்துத் தைக்கிற வேலை. ஒருநாள் அரங்கம் நிறைந்திருந்தபோது பெரிய திரை பாதியில் நின்றுவிட்டது. மேலே போக வேண்டியவர் காய்ச்சலில் படுத்திருந்தார். மற்ற ஆண்கள் எல்லாரும் ஏணியை ஒருமுறை பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தைத்தவளுக்குத் தெரியாதா எங்கே மாட்டியிருக்குமென்று? செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள், சிக்கலை எடுத்தாள், இறங்கி வந்து, "நாளைக்கும் நானே ஏறுறேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

வீட்டுக்காரர் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். "நாலு பேரு சிரிப்பாங்க" என்று இழுத்தார்.

"சிரிக்கிறவங்க அண்ணாந்து பாத்துத்தான் சிரிக்கணும். கழுத்து வலிச்சா நிறுத்திடுவாங்க" என்றாள் மேலக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது.

மேலே போன முதல் வருஷமே அவள் ஒரு மடக்குக் கத்தி வாங்கிக்கொண்டாள். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். கைப்பிடி முழுக்க இரும்பு. கைப்பிடியின் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு எஃகுத் தகடு ஒன்று, கிளிப். அது பேன்ட் பையின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். கத்தி பைக்குள் அடியில் போய்ப் புதையாமல், விளிம்பிலேயே, கட்டைவிரல் தேடுகிற இடத்தில் நிற்கும். கீழே இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாது. மேலே ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்க வேண்டும். மிச்சமிருப்பது ஒரே கை. அந்த ஒரு கையால் கத்தியை எடுத்து, விரித்து, கட்டு அறுத்து, மடக்கித் திரும்ப வைக்க வேண்டும். பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தால் அதற்குள் அரண்மனை அவிழ்ந்து ராஜா தலையில் விழுந்துவிடும். மற்ற சாமான்களையெல்லாம் இடுப்போடு கயிற்றில் கட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். கத்திக்கு மட்டும் கயிறு கிடையாது. கயிறு அறுக்கிற சாமானே கயிற்றில் சிக்கிக்கொண்டால் அதை அறுக்க இன்னொரு கத்திக்கு எங்கே போவது?

மேலே ஏறுவதற்கு முன் ஒரு முறை உண்டு. ஏணிக்குக் கீழே நின்று ஒவ்வொரு பையாகத் தட்டி, உள்ளே இருப்பதை உரக்கச் சொல்ல வேண்டும். கீழே நிற்கிற ஆள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "கத்தி" என்று அவள் தொடையைத் தட்டுவாள், "கத்தி" என்பார் லைட்டு அண்ணன். "டார்ச்சு." "டார்ச்சு." "நாடா." "நாடா." இறங்கும்போதும் அதே கணக்கு. இன்னொரு முறையும் உண்டு. எது கை நழுவினாலும் உடனே "தலை!" என்று கத்த வேண்டும். புதிதாக யார் ஆட வந்தாலும், நடிக்க வந்தாலும், முதல் நாளே மேலக்கா கீழே வந்து பாடம் எடுப்பாள்: "தலைன்னு சத்தம் கேட்டா மேல பாக்காதீங்க. மூஞ்சியக் குடுத்து வாங்கிக்காதீங்க. ஓரத்துக்கு ஓடுங்க." இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை மற்றவர்கள் கத்தியிருக்கிறார்கள். அவள் கத்தியதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை கத்தினாள்.

நடன ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. காட்டுப் படுதாவின் ஓரக் கயிற்றை அவிழ்க்க மேலக்கா கம்பிக்கு வெளியே குனிந்தாள். தொடையில் ஏதோ இலேசானது போல் இருந்தது. அவ்வளவுதான். "தலை!" என்று அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. ஏழு ஊசிக் கொண்டை சட்டென்று ஓரத்துக்கு நகர்ந்தது. அது நின்றிருந்த இடத்தில் கத்தி வந்து விழுந்தது. மடங்கித்தான் இருந்தது. இருந்தாலும் மேடைப் பலகையில் விரல்நுனி அளவுக்கு ஒரு குழி. மேலே அவள் இரும்பு வலையில் உட்கார்ந்து, கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவமானமும் பயமும் ஒன்றாக வந்தால் எது எதுவென்று பிரிக்க முடியாது. அவளாலும் முடியவில்லை.

கீழே வந்ததும் கத்தியை எடுத்துப் பார்த்தாள். கிளிப் கோணிப்போய், கைப்பிடியை விட்டு விலகி நின்றது.

மேலாளர் கெட்டவர் இல்லை. வந்து இரண்டு வருஷம் ஆகிறது, அக்கா அக்கா என்றுதான் பேசுவார். அதுதான் தொல்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், பரிதாபப்படுகிறவரை என்ன செய்வது?

"போதும்க்கா. இத்தன வருஷம் ஏறி எறங்கிட்டீங்க. வாசல்ல சீட்டுக் கிழிக்கிற எடத்துல ஒரு ஆள் வேணும். நல்ல நாற்காலி, தலைக்கு மேல ஃபேன். திங்கக்கிழமையிலேருந்து அங்க உக்காருங்க."

"கத்தி விழுந்தது கிளிப்பு வளைஞ்சதால, தம்பி."

"ஏதோ ஒண்ணு. விழுந்துச்சில்ல?"

"கிளிப்ப சரி பண்ணிட்டு வரேன். நீங்களே பாருங்க. என்னைத் தலகீழாத் தொங்கவிட்டுப் பாருங்க. விழுந்தா, நானே போயி அந்த நாற்காலியில உக்காந்துக்கறேன். விழலன்னா மேலதான்."

மேலாளர் பெருமூச்சு விட்டார். வயதானவர்களோடு வாதம் செய்யக்கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. "சரிக்கா, திங்கக்கிழம பாக்கலாம்" என்றார். அந்தச் "சரிக்கா"வில் இருந்த இளப்பம் மேலக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

வீட்டுக்குப் போய் அழுதாள். வீட்டுக்காரர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "விடு, கீழயும் வேலதானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் தையல் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கிளிப்பைக் கைப்பிடியோடு பிடித்திருப்பவை மூன்று பொடித் திருகுகள், தலையில் நட்சத்திரக் குழி. அதற்கேற்ற திருப்புளி வீட்டில் இல்லை. தெருமுனையில் கைபேசி பழுது பார்க்கிறவரிடம் போய்க் கேட்டாள்.

அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் துண்டுத் தகட்டுக்கா இவ்ளோ மெனக்கெடுறீங்க? பழசாயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க."

"அதையேதான் எனக்கும் சொல்றாங்க" என்றாள் மேலக்கா. அவர் திருப்புளியை எடுத்துக் கொடுத்தார்.

திருகுகள் அசைய மறுத்தன. செய்யும்போதே அவற்றைப் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். பலவந்தம் பண்ணினால் நட்சத்திரக் குழி வழவழவென்று தேய்ந்துவிடும், பிறகு கடவுளே வந்தாலும் கழற்ற முடியாது. துணி தேய்க்கிற இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, அதன் மூக்கை ஒவ்வொரு திருகுத் தலையிலும் வைத்து இருபது எண்ணினாள். பசை இளகியது. திருகு "நறுக்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு வழிக்கு வந்தது.

கிளிப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள். தகட்டின் உட்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், வரிவரியாகப் பல் பதிந்த தழும்பு. யாரோ பிளையரால் பிடித்து நிமிர்த்தியிருக்கிறார்கள். அதற்குக் கீழே, வளைவின் இடுக்கில், நகக்கண் அளவுக்குக் காய்ந்த பச்சைப் பெயிண்ட்.

மேலக்கா தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது வீட்டுக்காரர் புதிதாக அடித்த பெயிண்ட், பளபளவென்று இருந்தது.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று தெரியும். மெதுவாக வந்தார்.

"இது என்ன நெறம்?"

"பச்ச."

"நம்ம ஜன்னல் என்ன நெறம்?"

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார், யாரோ இப்போதுதான் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போன மாதிரி. பிறகு மென்று முழுங்கினார். "டப்பா மூடி இறுகிப் போயிருந்துச்சு. கத்தியால நெம்புனா உன் கத்தி முனை போயிடுமேன்னு கிளிப்பால..."

"அப்புறம்?"

"வளைஞ்சிடுச்சு. பிளையரால நிமித்திட்டேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லல."

"மறந்துட்டேன்."

"நேத்து வந்து நான் குலுங்கிக் குலுங்கி அழுதேனே, அப்பவுமா மறந்துட்டீங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ கீழயே இருந்துட்டா நல்லதுதானேன்னு நெனச்சேன்."

மேலக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். "கீழ ஒரு பொம்பள நின்னுட்டிருந்தா. ஒரு நொடி பிந்தியிருந்தா மண்ட பொளந்திருக்கும். அது யாருக்குங்க நல்லது?"

"நான் திங்கக்கிழம வந்து உங்க மேலாளர்கிட்ட சொல்லிடறேன். தப்பு எம்மேலதான்னு."

"ஒண்ணும் வேண்டாம். புருஷன் வந்து கெஞ்சித்தான் மேல ஏத்திவிட்டாருன்னு பேராகும். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது." அவள் கிளிப்பை மேசையில் வைத்தாள். "வளைச்சது ஒரு தப்பு. சொல்லாதது ரெண்டாவது தப்பு, அது பெருசு. மூணாவது என்னுது. அஞ்சு நாளா ஏணிக்கிட்ட நின்னு கத்தின்னு தொடையத் தட்டினேனே, ஒரு நாளாவது எடுத்துப் பாத்தேனா? கை தட்டுச்சு, வாய் சொல்லுச்சு. கண்ணு பாக்கல. அத நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. உங்கள உக்காரச் சொன்னாங்க, உக்காந்தீங்க. என்னை உக்கார வெக்க முடியாது."

அது அவருக்குப் பட்டது. பட வேண்டிய இடத்தில்தான் பட்டது. ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் கண் சோதனையில் ஏதோ குறை என்று அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, டிப்போவில் ஒரு நாற்காலி போட்டு, வண்டிகள் போகிற வருகிற நேரத்தை எழுத வைத்தார்கள். "சரி சார்" என்று உட்கார்ந்தவர்தான். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபிறகும் எழுந்த மாதிரித் தெரியவில்லை. சொன்னபிறகு மேலக்காவுக்கு நெஞ்சில் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

வேலையைப் பார்த்தாள். ஒருமுறை வளைந்து, இன்னொருமுறை நிமிர்ந்த எஃகு களைத்துப்போயிருக்கும். அதே மடிப்பில் மூன்றாவது முறை கை வைத்தால் பட்டென்று ஒடிந்துவிடும். இந்தக் கத்தியை இப்போது யாரும் செய்வதில்லை, மாற்றுக் கிளிப் கிடைக்காது. அதனால் மடிப்பை அவள் தொடவே இல்லை. மேசை ஓரத்தில் திருகி வைத்திருந்த சின்ன வைஸின் வாயில், இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே கிளிப்பின் தலைப்பக்கத்தைக் கடிக்க வைத்தாள். மடிப்புக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கட்டைவிரலால் அழுத்தினாள். நீளத் தகடு முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டால் எந்த ஓர் இடத்துக்கும் பாரம் அதிகமாகாது. எஃகுக்கு ஒரு குணம்: அழுத்தும்போது எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ளும், கையை எடுத்ததும் பழையபடி நின்றுவிடும். "உங்கள மாதிரியேதான்" என்று வீட்டுக்காரரைப் பார்க்காமலே சொன்னாள். வேண்டிய அளவைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால்தான், திரும்பி வந்து சரியான இடத்தில் நிற்கும்.

"அடுப்புல காட்டுனா சீக்கிரம் இளகுமே" என்றார் அவர், எங்கேயாவது நுழைய இடம் கிடைக்குமா என்று பார்த்து.

"இளகும். அப்புறம் சாகுற வரைக்கும் இளகியேதான் கெடக்கும். கவ்வுற குணமே போயிடும்."

பிளையர் தழும்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினாள். விரிசல் விட்டால் அங்கிருந்துதான் விடும். திருகி மாட்டி, பேன்ட் பையில் செருகிப் பார்த்தாள். கவ்வல் அதிகம். இழுத்தால் பேன்டே கூட வந்தது. இதை எடுக்க இரண்டு கை வேண்டும். மேலே இரண்டு கைக்கு எங்கே போவது? கழற்றி, மறுபடி வைஸில் வைத்து, மயிரிழை அளவுக்குத் தளர்த்தினாள். மாட்டினாள். இப்போது சரியாக இருந்தது. கத்தியை விரித்து மடக்கினாள்.

"எங்கியோ உரசுது" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்குக் கேக்கல."

"எனக்குக் கேக்குது. உள்ள உரசுது. மறுபடி மடக்கு." இருபத்தெட்டு வருஷம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வண்டியின் உடம்புக்கு என்னவென்று சொன்ன காது. கண்தான் போயிற்று, காது போகவில்லை. மேலக்கா ஒவ்வொரு திருகாகக் கழற்றி மேசையில் நிறுத்திப் பார்த்தாள். மூன்றில் ஒன்று மட்டும் துளி நீளம். அதை நடுக்குழியில் போட வேண்டும். அவள் அவசரத்தில் ஓரக்குழியில் போட்டதால், அதன் நுனி உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தியின் அலகைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மாற்றிப் போட்டாள். சத்தம் நின்றது. அவள் நன்றி சொல்லவில்லை, ஆனால் அவர் பக்கத்தில் நிற்பதைத் தடுக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாடிக் கொடியில் அவளுடைய பேன்ட் தலைகீழாகத் தொங்கியது, பையில் கத்தியோடு. காற்று அடித்தது. பேன்ட் இரண்டு காலையும் உதறி உதறி ஆடியது. பக்கத்து மாடிக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமலே உள்ளே போய்விட்டாள். வீட்டுக்காரர் ஜன்னலோர நாற்காலியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், எதிரே போட்டுக்கொண்டு காவல் இருந்தார். மத்தியானம் சாப்பிடக்கூட இறங்கி வரவில்லை. பொழுது சாயும்போது, "விழல" என்று மட்டும் வந்து சொன்னார்.

திங்கட்கிழமை காலை மேடையில் நடனக் குழு முழுக்க நின்றிருந்தது. மேலக்கா ஏணிக்கடியில் போய் நின்றாள். தட்டவில்லை. கத்தியைப் பையிலிருந்து எடுத்து, கிளிப்பைப் புரட்டி, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"கத்தி. கிளிப்பு நேரா இருக்கு, திருகு மூணும் இறுக்கமா இருக்கு. போன வாரம் இத நான் எடுத்துப் பாக்கல, வெறுமன தட்டினேன். தப்பு என்னுது." நடன ஆசிரியையைப் பார்த்து, "மன்னிச்சிடும்மா" என்றாள். யார் வளைத்தது என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"கத்தி" என்று திருப்பிச் சொன்னார் லைட்டு அண்ணன்.

ஏறினாள். நடைபாதைக்குப் போய், இடுப்புப் பட்டையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, கம்பிக்கு வெளியே தலைகீழாகத் தொங்கினாள். ஐம்பத்தாறு வயதில் அப்படித் தொங்கினால் ரத்தம் முழுக்க முகத்துக்கு வரும், வந்தது. உடம்பை உலுக்கினாள். காலை உதறினாள். கத்தி அசையவில்லை. அப்படியே தொங்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் அதை எடுத்து, விரித்து, காட்டுப் படுதாவின் ஓரக் கயிற்றை அறுத்து, மடக்கி, திரும்பச் செருகினாள். கீழே யாரோ ஒரு பெண் கை தட்டினாள்.

நேராக நிமிர்ந்து, "என்ன தம்பி?" என்றாள்.

இரட்டைச் சுழி அண்ணாந்தது. "அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா விஷயம் கத்தி இல்லக்கா. உங்களுக்கு வயசு..." சுற்றி எல்லாரும் பார்ப்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். "எறங்கி வாங்க, உக்காந்து பேசலாம்."

அப்படியென்றால் இவ்வளவும் கண்துடைப்பு. அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். கத்தி வெறும் சாக்கு. மேலக்கா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இறங்கினால் அவ்வளவுதான். நல்ல நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன்.

"நான் எறங்க மாட்டேன்" என்றாள். "பேசணும்னா நீங்க மேல வாங்க, தம்பி. எனக்கு இங்க வேல கெடக்கு."

மேலாளர் இந்த இரண்டு வருஷத்தில் ஒருநாளும் மேலே வந்ததில்லை. இத்தனை பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஏணியைப் பிடித்தார்.

"சார், பையில என்னென்ன இருக்குன்னு சொல்லிட்டு ஏறுங்க" என்றார் லைட்டு அண்ணன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார். பத்துப் படி நன்றாகத்தான் ஏறினார். பன்னிரண்டாவது படியில் கீழே குனிந்து பார்த்தார்.

"தலை!"

கத்தியது மேலக்கா. லைட்டு அண்ணன் ஓரத்துக்குத் தாவினார். மேலாளரின் சட்டைப் பையிலிருந்து வழுக்கிய கைபேசி, போன வாரக் குழிக்கு இரண்டு சாண் தள்ளி விழுந்து, கண்ணாடி நொறுங்கித் துள்ளியது. மேலாளர் ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

"தம்பி, கண்ணத் தொறங்க. கீழ பாக்காதீங்க, கைக்கு எதிர்ல இருக்கிற படியப் பாருங்க. வலது கால எறக்குங்க. ஆங். இப்ப இடது." மேலேயிருந்து ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி அவரை இறக்கினாள். அதில் கேலி இல்லை. பயப்படுகிறவரைக் கேலி செய்தால் கை நழுவிவிடும், அது அவளுக்குத் தெரியும். அவர் கால் தரையில் பட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நொறுங்கிய கைபேசியைக் கையில் எடுக்கிற வரை பொறுத்திருந்தாள்.

பிறகு சொன்னாள்: "தம்பி, சீட்டுக் கிழிக்கிற எடத்துல ரெண்டு நாற்காலியாப் போடச் சொல்லுங்க."

முதலில் சிரித்தது ஏழு ஊசிக் கொண்டைதான். அப்புறம் மேடை முழுக்கச் சிரித்தது. மேலாளர் அசடு வழிய நின்றார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாற்காலியும் வேணாம்க்கா" என்றார். "நீங்க வேலையப் பாருங்க." அன்றைக்கே ஏணிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை எழுதி ஒட்டினார்: இனிமேல் யார் மேலே போனாலும் பையைத் தட்டினால் போதாது, ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்ட வேண்டும்.

மத்தியானம் மேலக்கா ஏணியில் பாதி இறங்கியபோது, அரங்கத்தின் காலி இருக்கைகளுக்கு நடுவே, கடைசி வரிசையில், ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் அவளுக்குத் தெரிகிற தலை. இறங்கி நேராக அங்கே போனாள்.

"எப்ப வந்தீங்க?"

"நீ ஏணிக்கிட்ட நின்னு தப்பு என்னுதுன்னு சொன்னப்ப."

"நீங்க ஒண்ணும் பேசலயே?"

"நீதானே பேசக் கூடாதுன்ன." வீட்டுக்காரர் இருக்கையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "டிப்போல என்னை உக்காரச் சொன்னப்ப, நான் சரி சார்னு சொன்னேன். மூணு வருஷம் அங்க ஒரு நாற்காலி. இப்ப வீட்ல ஒரு நாற்காலி. நீயும் உக்காந்துட்டா எனக்குத் துணையா இருக்கும்னு நெனச்சேன். அதான் சொல்லல."

மேலக்காவுக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, அந்த வழுக்கையைத் தடவிக் கொடுக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கண் மட்டும் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

"துணை வேணும்னா, என்னை ஏன் எறக்கப் பாக்குறீங்க? எழுந்து நீங்க மேல வாங்க."

அவர் மேடையைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. ஆனால் எழுந்துவிட்டார். எழுந்து நின்று, இத்தனை வருஷம் அவள் சொல்லக் கேட்ட பழக்கத்தில், சட்டைப் பையைத் தட்டினார்.

"தட்டாதீங்க" என்றாள் மேலக்கா. "எடுத்துக் காட்டுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்தார், வீட்டுச் சாவியை எடுத்தார், நேற்று அவள் தேடித் தேடிக் கிடைக்காத, கிளிப்பை நிமிர்த்தின அந்தச் சின்னப் பிளையரையும் எடுத்து, உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினார்.